பேர் லாஷேஸ்: கல்லறை யாருக்குச் சொந்தம்? பாரிஸ் குலுக்கலின் பின்னணி

2025 நவம்பரில் பாரிஸிலிருந்து ஒரு செய்தி வந்தது. பேர் லாஷேஸ், மோன்பர்னாஸ், மோன்மார்த்ர் என்ற மூன்று பழைய கல்லறைத் தோட்டங்களில் பாழடைந்து நிற்கும் கல்லறைச் சின்னங்களில், ஒவ்வொரு தோட்டத்திலும் பத்து வீதம் மொத்தம் 30 சின்னங்களை, ஒன்று 4,000 யூரோ என்று மாநகராட்சி விற்கப்போகிறது, யாருக்குக் கிடைக்கும் என்பதை 2026 ஜனவரியில் குலுக்கல் போட்டு முடிவு செய்யும் என்பதுதான் செய்தி. அமெரிக்க ராக் பாடகர் ஜிம் மாரிசனுக்கும் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டுக்கும் பக்கத்தில் இடம் பிடிக்கலாம் என்ற மாதிரித் தலைப்புகளோடு அது உலகம் முழுக்கப் போனது.

படித்தவர்களுக்கு வந்த குழப்பம் நியாயமானது. யாரோ ஒருவருடைய கல்லறையை நகராட்சி எப்படி விற்க முடியும்? உள்ளே இருந்தவர் எங்கே போனார்? காசு கொடுத்து "நிரந்தரம்" என்று வாங்கிய இடம் எப்படித் திரும்பப் போகிறது? இதற்கெல்லாம் பதில் 1780இல் ஒரு சுவர் இடிந்ததில் தொடங்குகிறது. அந்தக் கதை தெரிந்தால் பேர் லாஷேஸுக்குள் நடக்கும்போது கண்ணில் படுவதும் வேறாக இருக்கும். பெரிய பெயர்களைத் தேடி ஓடுகிற இடமாக மட்டும் அது தெரியாது.

1. தோட்டம் வருவதற்கு முன்

தமிழில் நாம் சாதாரணமாகவே "கல்லறைத் தோட்டம்" என்று சொல்லிவிடுகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் தோட்டத்துக்கும் கல்லறைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஊர் நடுவில், தேவாலயத்தை ஒட்டி, ஒரு பெரிய குழி. பிணங்களை அடுக்கி வைப்பார்கள், குழி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்த குழியைத் தோண்டுவார்கள். பணம் உள்ளவர்களுக்கு மட்டும் தேவாலயத்துக்கு உள்ளேயே தரைக்கடியில் இடம்.

இதில் மிகப் பெரியது இன்னோசான் என்ற இடுகாடு. நூற்றாண்டுக் கணக்கில் ஒரே இடத்தில் புதைத்துப் புதைத்து அங்கே தரைமட்டம் தெருவைவிட இரண்டு மீட்டருக்கும் மேலே ஏறிவிட்டது. 1780இல் பக்கத்துத் தெரு வீடொன்றின் நிலவறைச் சுவர் அந்தப் பாரம் தாங்காமல் உடைந்து, இடுகாட்டில் இருந்ததெல்லாம் வீட்டுக்குள் சரிந்தது. அந்த ஆண்டே இடுகாட்டை மூடினார்கள். 1780களின் நடுவிலிருந்து எலும்புகளை வண்டி வண்டியாக ஏற்றி நகரத்தின் தெற்கே இருந்த பழைய கல் சுரங்கங்களில் கொண்டுபோய் அடுக்கினார்கள். மற்ற இடுகாடுகளின் எலும்புகளும் பிறகு அங்கேதான் போயின. இன்று கட்டாகோம்ப் என்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கிற இடம் அதுதான், சுமார் 60 லட்சம் பேரின் எலும்புகள் இருப்பதாகக் கணக்கு.

பாரிஸில் இறந்தவர்களை இடம் மாற்றுவது 2025இல் முளைத்த யோசனை கிடையாது என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். அந்த நகரத்தின் தற்போதைய கல்லறை ஏற்பாடே ஒரு பெரிய இடமாற்றத்திலிருந்து பிறந்தது.

2. 1804: மேடு, மதில், மரம்

ஊருக்குள் புதைக்கக் கூடாது என்று ஆனபிறகு, ஊருக்கு வெளியே எங்கே, எப்படி? நெப்போலியன் பேரரசராக அறிவிக்கப்பட்ட மூன்றாவது நாள், 1804 மே 21, அன்றைய நகர எல்லைக்குக் கிழக்கே ஒரு குன்றின்மேல் பேர் லாஷேஸ் திறக்கப்பட்டது. பதினான்காம் லூயி மன்னனுக்குப் பாவ அறிக்கை கேட்கும் குருவாக இருந்த லா ஷேஸ் பாதிரியார் அந்தக் குன்றில் தங்கிய வீட்டை வைத்து வந்த பெயர் அது. "பேர்" என்றால் பாதிரியாரை அழைக்கும் "தந்தை". நிலத்தை நகரத்துக்காக வாங்கியவர் ஃப்ரோஷோ என்ற ஆட்சியர், வரைபடம் போட்டவர் பாரிஸ் பங்குச்சந்தைக் கட்டடத்தை வடிவமைத்த புரோன்யார். இருவரும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள்.

திறந்து மூன்று வாரத்தில், 1804 ஜூன் 12 அன்று ஓர் ஆணை வந்தது. இன்றைய பிரெஞ்சுக் கல்லறைச் சட்டத்தின் வேர் அதுதான். அதில் இருந்த விஷயங்களில் முக்கியமானவை:

1. ஊர் எல்லைக்கு வெளியே, உயரமான, வடக்கு பார்த்த நிலத்துக்கு முன்னுரிமை. காற்று அடித்துக்கொண்டு போகவேண்டும் என்ற அன்றைய சுகாதாரக் கணக்கு.
2. குறைந்தது 2 மீட்டர் உயர மதில்.
3. மரம் நட வேண்டும், ஆனால் காற்றோட்டத்தை மறைக்கக் கூடாது.
4. ஆளுக்கு ஒரு தனிக் குழி, ஆழம் ஒன்றரை முதல் 2 மீட்டர்.
5. ஐந்து ஆண்டு கழித்து அதே குழியை வேறொருவருக்குப் பயன்படுத்தலாம்.
6. தனி இடம் பிடித்துச் சின்னம் கட்ட விரும்புபவர், ஏழைகளுக்கோ மருத்துவமனைக்கோ நன்கொடை தருவதோடு, ஊராட்சிக்கும் (பாரிஸில் என்றால் நகர நிர்வாகத்துக்கும்) ஒரு தொகை செலுத்தி இடம் பெறலாம்.

நான்காவது விதிதான் பெரிய புரட்சி. ஏழையோ பணக்காரரோ, பிணத்துக்கு ஒரு தனிக் குழி உண்டு என்று முதல்முறையாகச் சட்டம் சொல்லிவிட்டது. பேர் லாஷேஸில் முதலில் புதைக்கப்பட்டது எந்தப் பிரமுகரும் இல்லை, ஐந்து வயதுச் சிறுமி.

ஐந்தாவதையும் ஆறாவதையும் சேர்த்துப் படித்தால் இன்றைய குலுக்கல் வரை கோடு போட்டுவிடலாம். சாதாரணமாகக் கிடைக்கும் குழி ஐந்து ஆண்டுக்கு மட்டும். அதற்குமேல் வேண்டுமானால் காசு. அந்தக் காசுக்குக் கிடைப்பது என்ன என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள்.

3. கோன்செஸ்ஸியோன்: பட்டா கிடையாது

பிரான்சில் கல்லறை இடத்தை வாங்குவதற்கு "கோன்செஸ்ஸியோன்" எடுப்பது என்று பெயர். நம் ஊர்ப் பத்திர மொழியில் சொன்னால் இது கிரயம் கிடையாது, பட்டாவும் மாறாது. நிலம் எப்போதும் ஊராட்சியின் பொதுச்சொத்து. குடும்பத்துக்குக் கிடைப்பது அந்த நிலத்தை ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு, அதாவது தங்களவர்களைப் புதைக்கவும் மேலே சின்னம் கட்டவும், பயன்படுத்திக்கொள்ளும் அனுபவ உரிமை மட்டும்.

பாரிஸில் இந்த உரிமை 10 ஆண்டு, 30 ஆண்டு, 50 ஆண்டு, நிரந்தரம் என்று வகை வகையாகக் கிடைக்கும். முன்பு நூறாண்டு என்றும் ஒன்று இருந்தது, 1959இல் அதை எடுத்துவிட்டார்கள். காலவரை உள்ளவை முடிந்ததும் குடும்பம் இரண்டு ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம், யாரும் வராவிட்டால் இடம் ஊராட்சிக்குத் திரும்பிவிடும். நிரந்தர உரிமை வாரிசுகளுக்குப் போகும். ஆனால் அதைத் துண்டு போட முடியாது, பாகம் பிரியாத சொத்து மாதிரி எல்லா வாரிசுக்கும் சேர்ந்தே இருக்கும், லாபம் வைத்து வெளியே விற்கவும் முடியாது. நாலைந்து தலைமுறை போனால் ஒரு சின்னக் கல்லறைக்கு எத்தனை உரிமையாளர்கள் இருப்பார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

சரி, யாருக்கு வேண்டுமானாலும் அங்கே இடம் கிடைக்குமா? சட்டப்படி ஓர் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்படும் உரிமை இவர்களுக்கு உண்டு:

1. அந்த ஊரில் இறந்தவர், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும்.
2. அந்த ஊரில் குடியிருந்தவர், எங்கே இறந்தாலும்.
3. அங்கே ஏற்கெனவே குடும்பக் கல்லறை உள்ளவர்.
4. வெளிநாட்டில் வாழ்ந்தாலும் அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள பிரெஞ்சுக் குடிமகன்.

பேர் லாஷேஸில் ஏன் இத்தனை அந்நியப் பெயர்கள் என்பதற்கு முதல் விதியும் மூன்றாவது விதியுமே பெரும்பாலும் போதும். ஆஸ்கர் வைல்ட் 1900இல் பாரிஸில் இறந்தார். ஜிம் மாரிசன் 1971 ஜூலை 3 அன்று பாரிஸில் இறந்தார். ஜே.ஆர்.டி. டாட்டா இறந்தது 1993இல், ஜெனீவாவில், ஆனால் பாரிஸில் பிறந்த அவருடைய குடும்பக் கல்லறை பேர் லாஷேஸில் இருந்தது, அங்கேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். இந்தியாவின் விமானப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தவர் பாரிஸில் ஒரு மேட்டில் இருக்கிறார் என்பது இங்கே பலருக்கும் தெரியாத செய்தி.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயர்கள் 1856இல் அவத் நாட்டைப் பறித்துக்கொண்டபோது, அதை மீட்டுத்தரக் கேட்டு விக்டோரியா ராணியைப் பார்க்க லண்டனுக்கே கப்பலேறிப் போனவர் நவாப் வாஜித் அலி ஷாவின் தாயார் மலிகா கிஷ்வர். நியாயம் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் 1858இல் பாரிஸில் இறந்தார். பேர் லாஷேஸில் முஸ்லிம்களுக்கென்று அப்போதுதான் ஒதுக்கியிருந்த பகுதியில் அவரைப் புதைத்தார்கள். பிரபலங்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிற எத்தனையோ இந்தியப் பயணிகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

4. தேசப் பெரியவர்களை அங்கே தேர்ந்தெடுத்து வைத்தது யார்?

யாருமில்லை என்பதுதான் பதில். இதில் பாந்தியோனோடு பேர் லாஷேஸைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பாந்தியோன் அரசு நினைவிடம். "தேசம் நன்றி சொல்கிறது" என்று அரசு முடிவெடுத்து, விழா நடத்தி உள்ளே கொண்டுபோகும் இடம். பேர் லாஷேஸ் ஊராட்சி இடுகாடு. உரிமையும் பணமும் இருந்தால் போதும். நகரத்தையே இடித்துக் கட்டிய ஓஸ்மான் அங்கே இருக்கிறார். எழுத்தாளர்கள் பால்சாக், ப்ரூஸ்ட், இசையமைப்பாளர் ஷோப்பன், பாடகி எடித் பியாஃப் எல்லோரும் அங்கே. உருளைக்கிழங்கைப் பிரெஞ்சுக்காரர்களைச் சாப்பிட வைத்த பார்மாந்தியேவும் உண்டு, அவர் கல்லறைமேல் வருகிறவர்கள் இன்றும் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தந்தக் காலத்துப் பாரிஸ் தன்னைத்தானே அடுக்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒரே ஒருமுறை நிர்வாகம் வேண்டுமென்றே பெரிய பெயர்களைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அந்தத் தோட்டத்துக்கு யாரும் போகவில்லை. ஊரிலிருந்து தூரம், மேடு, தேவாலய நிலமும் கிடையாது. 1817இல் நாடகாசிரியர் மோலியேர், கவிஞர் லா ஃபோன்தேன் ஆகியோருடையவை என்று சொல்லப்பட்ட எலும்புகளையும், பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காதலர்கள் அபெலார், எலோயிஸ் ஆகியோருடையவை என்று சொல்லப்பட்டவற்றையும் கொண்டுவந்து நினைவுச்சின்னங்களோடு வைத்தார்கள். "சொல்லப்பட்ட" என்று போடுவதற்குக் காரணம் உண்டு, அவை உண்மையில் அவர்களுடைய எலும்புகள்தானா என்று வரலாற்றாசிரியர்கள் பலமாகச் சந்தேகிக்கிறார்கள். ஆனால் நினைத்த காரியம் நடந்தது. மோலியேருக்குப் பக்கத்தில் இடம் என்றதும் பணக்காரக் குடும்பங்கள் வரத் தொடங்கின, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கல்லறைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. 2025இன் "மாரிசனுக்குப் பக்கத்தில்" தலைப்புகளைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த 1817தான்.

போக்குவரத்து ஒருவழி மட்டும் கிடையாது:

1. நாஜி எதிர்ப்பு இயக்கத்தை ஒன்றிணைத்த ழான் மூலானுடையது என்று கருதப்பட்ட சாம்பல் பேர் லாஷேஸில் இருந்தது. 1964 டிசம்பரில் பாந்தியோனுக்குப் போனது.
2. இசையமைப்பாளர் ரோசினியின் உடல் 1887இல் இத்தாலியின் புளோரன்ஸுக்குப் போனது. பேர் லாஷேஸில் பெயரோடு நிற்பது வெறும் கூடு.
3. ஷோப்பனின் உடல் இங்கே, இதயம் வார்சாவில் ஒரு தேவாலயத் தூணுக்குள்.
4. பாடகி மரியா காலாஸின் சாம்பல் திருடப்பட்டு, மீட்கப்பட்டு, கடைசியில் ஏஜியன் கடலில் கரைக்கப்பட்டது. மாடத்தில் பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது.

அங்கே ஒரு கல்லில் பெயர் இருப்பதால் கீழே ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. கல், நிலம், உடல் மூன்றும் தனித்தனிச் சங்கதிகள். சட்டமும் அவற்றை அப்படித்தான் பார்க்கிறது.

5. நிரந்தரம் எப்போது முடிகிறது?

நிரந்தர உரிமைக்குக் காலவரை கிடையாது. ஆனால் ஒரு கடமை உண்டு: பராமரிக்க வேண்டும். சின்னம் சாய்ந்து, மூடுகல் உடைந்து, வேர் புகுந்து, கதவு துருப்பிடித்துத் தொங்கினால் அது கைவிடப்பட்டது என்று ஊராட்சி கருதலாம். உடனே எடுத்துவிட முடியாது, படி படியாகத்தான் போக வேண்டும்:

1. உரிமை கொடுத்து 30 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், கடைசியாக யாரையாவது புதைத்து 10 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும்.
2. அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து, கைவிடப்பட்ட நிலையை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். வாரிசுகள் தெரிந்தால் அவர்களுக்குத் தகவல், எப்படியும் பொது அறிவிப்பு.
3. காத்திருப்பு. முன்பு மூன்று ஆண்டாக இருந்ததை 2022 பிப்ரவரியில் வந்த சட்டம் ஓர் ஆண்டாகக் குறைத்தது. இதற்குள் யாராவது வந்து பழுது பார்த்தால் நடவடிக்கை அதோடு நின்றுவிடும்.
4. யாரும் வராவிட்டால் இரண்டாவது பதிவு, பிறகு நகர மன்றத்தின் முடிவு, மேயரின் ஆணை.

"நாட்டுக்காக இறந்தவர்" என்று இறப்புப் பதிவில் குறிக்கப்பட்ட ஒருவர் நிரந்தர இடத்தில் இருந்தால், புதைத்த நாளிலிருந்து 50 ஆண்டு ஆகும்வரை இந்த நடவடிக்கையே எடுக்க முடியாது.

மூன்று ஆண்டை ஒன்றாகக் குறைத்தது அவ்வளவு சரியாகப் படவில்லை எனக்கு. வேறு கண்டத்தில் வாழ்கிற கொள்ளுப்பேரனுக்குச் செய்தி போய்ச்சேர, ஊராட்சியின் அறிவிப்புப் பலகையை நம்பிக்கொண்டு, ஓர் ஆண்டு போதாது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்: சாய்ந்து நிற்கிற கல்லால் பக்கத்துக் கல்லறையும் கெடும், நடந்துபோகிறவர் மேலும் விழும், சும்மா விட்டுவைக்கவும் முடியாது.

6. உள்ளே இருந்தவர் எங்கே போகிறார்?

எலும்புகளைக் கண்ணியமாக எடுத்து, பெட்டியில் வைத்து, அதற்கென்றே உள்ள பொது எலும்பறையில் வைக்க வேண்டும். எரிப்பதும் உண்டு, ஆனால் இறந்தவர் அதற்கு எதிராக இருந்தார் என்று தெரிந்தால் எரிக்கக் கூடாது. பேர் லாஷேஸின் பிரதான வாசலிலிருந்து நேராக நடந்தால், இருண்ட வாசலுக்குள் மனிதர்கள் நுழைகிற மாதிரி ஒரு பெரிய வெள்ளைச் சிற்பம் எதிரே நிற்கும், பார்தொலொமே செதுக்கியது, 1899இல் திறந்தது. எல்லோரும் அதன்முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இப்படி இடம் இழந்தவர்களுக்கான எலும்பறை இருப்பது அதன் பின்னால்தான்.

பாரிஸ் நகருக்கு 20 கல்லறைத் தோட்டங்கள் உண்டு. அதில் 14 நகர எல்லைக்குள், 6 வெளியே பான்தேன், தியே போன்ற புறநகர்களில். உள்ளே இருப்பவை நிரம்பி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. காலி இடம் என்பது அங்கே புதிதாகக் கிடைக்காது, ஒருவர் போனால்தான் ஒருவர் வரலாம். சாதாரணப் பாரிஸ்வாசிக்குப் புறநகர்தான்.

7. கல் யாருடையது?

நிலம் ஊருடையது என்றால் மேலே இருக்கிற சிற்பம்? உரிமை உயிரோடு இருக்கும்வரை கட்டிய குடும்பத்துக்கு. முறைப்படி ஊராட்சி இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டபிறகு, விட்டுப்போன சின்னம் ஊராட்சிக்கு. மாநகராட்சி 4,000 யூரோ விலை வைக்க முடிந்தது இதனால்தான்.

குடும்பத்துடையது என்றால் கழற்றி எடுத்துப்போகலாமா? இதற்கு மோன்பர்னாஸ் தோட்டத்தில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 1910இல் இறந்த ஓர் இளம்பெண்ணின் கல்லறைமேல் சிற்பி பிரான்குஷியின் "முத்தம்" சிற்பம் ஒன்று இருக்கிறது. வைத்தபோது அவர் பெரிய பெயர் இல்லை. பின்னால் அவருடைய சிற்பங்கள் கோடிக்கணக்கில் விலை போகத் தொடங்கியதும், வாரிசுகள் அதை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். அரசு மறுத்தது, 2010இல் முழுக் கல்லறையையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகப் பதிவு செய்தது. நீதிமன்றங்கள் மாறி மாறித் தீர்ப்புச் சொல்ல, 2021 ஜூலையில் உச்ச நிர்வாக நீதிமன்றம் முடித்துவைத்தது: சிற்பம், அதைத் தாங்கும் பீடம், கீழே கல்லறை எல்லாம் ஒரே அசையாச் சொத்து, சிற்பத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. வழக்கு நடக்கையில் குடும்பம் அந்தச் சிற்பத்தைச் சுற்றிப் பெட்டி அடித்து மூடிவிட்டது. பார்க்கப் போனவர்கள் பெட்டியைத்தான் பார்த்தார்கள்.

பாதுகாக்கிற வேலையை வெளியார் செய்வதும் உண்டு. வைல்டின் கல்லறையில் எப்ஸ்டைன் செதுக்கிய சிறகு உருவத்துக்கு ரசிகர்கள் உதட்டுச்சாயத்தோடு முத்தம் கொடுத்துக் கொடுத்து, அந்தக் கொழுப்பு கல்லுக்குள் ஊறிவிட்டது. சுத்தம் செய்யச் செய்யக் கல் தேய்ந்தது. 2011இல் அயர்லாந்து அரசு செலவில் கழுவி, சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். மாரிசனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, 1981இல் வைத்த மார்பளவுச் சிலை 1988இல் களவு போனது. 37 ஆண்டு கழித்து, 2025 மே மாதம், வேறு ஏதோ மோசடி வழக்கை விசாரித்த போலீஸார் கையில் தற்செயலாகக் கிடைத்தது.

8. இப்போது குலுக்கலுக்கு வருவோம்

மேலே சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால் செய்தி தெளிவாகிவிடும்:

1. விற்பனைக்கு வந்த 30 சின்னங்கள், கைவிடப்பட்டு மாநகராட்சியிடம் திரும்பியவை. பிரபலங்களுடையவை கிடையாது.
2. 4,000 யூரோ கல்லுக்கான விலை. வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் தன் செலவில் அதைப் புதுப்பிக்க வேண்டும், தவறினால் விற்பனை ரத்து.
3. நிலத்தின் அனுபவ உரிமைக்கு அதற்குமேல் தனிக் கட்டணம். 2025இல் அது 10 ஆண்டுக்கு ஆயிரம் யூரோவை ஒட்டி, நிரந்தரத்துக்குப் பதினேழாயிரத்துக்கும் மேல்.
4. பாரிஸில் குடியிருப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடிந்தது. வெளிநாட்டு ரசிகர் யாரும் மாரிசனுக்குப் பக்கத்தில் இடம் வாங்கிவிட முடியாது.

மாநகராட்சிக்கு இதில் ஒரு சிக்கல் தீர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சின்னங்களைப் பழுது பார்க்கப் பெரும்பணம் வேண்டும், இடித்துவிட்டுப் புதிய இடமாகக் கொடுப்பது எளிது, ஆனால் அப்படியே போனால் அந்தத் தோட்டத்துக்கு அந்த முகம் இருக்காது. செலவை வாங்குபவர் தலையில் வைத்துவிட்டால் கல்லும் நிற்கும், ஒரு பாரிஸ்வாசிக்கு ஊருக்குள் இடமும் கிடைக்கும். யோசனை நல்லது என்றே நினைக்கிறேன். எனக்கு உள்ள ஒரே கோரிக்கை, முதலில் அந்தக் கல்லைக் கட்டியவர்களின் பெயர் எங்கேயாவது ஓர் ஓரத்தில் வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பேர் லாஷேஸில் மட்டுமே சுமார் 70,000 கல்லறைகள் இருக்கும்போது பத்து என்பது சோதனை முயற்சிதான்.

9. நேரில் போகிறவர்களுக்கு

நுழைவுக் கட்டணம் இல்லை. 44 ஹெக்டேர், மேடு பள்ளம், கல் பாவிய பாதை, நல்ல செருப்பு வேண்டும். மெட்ரோவில் காம்பெட்டா நிலையத்தில் இறங்கினால் மேட்டின் உச்சியில் நுழைந்து கீழ்நோக்கி நடக்கலாம், முழங்காலுக்கு அது நல்லது. குளிர்காலத்தில் ஐந்தரைக்கும் மற்ற மாதங்களில் ஆறுக்கும் மூடிவிடுவார்கள். இன்றும் அடக்கம் நடக்கும் இடம், 1889இல் தொடங்கிய பிரான்சின் முதல் எரியூட்டு நிலையமும் உள்ளேயே இயங்குகிறது, அதனால் எதிரே துக்க ஊர்வலம் வந்தால் கேமராவை இறக்கிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

ஒரு கல்லறைகூடத் தேடாமல் பார்க்க வேண்டியது தென்கிழக்கு மூலையில் உள்ள மதில். 1871 மே மாதக் கடைசியில், அந்த ஆண்டு பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து அமைத்த புரட்சி ஆட்சியான பாரிஸ் கம்யூன் நசுக்கப்பட்டபோது கல்லறைகளுக்கு நடுவிலேயே சண்டை நடந்தது. மே 28 அன்று பிடிபட்ட 147 பேரை அந்தச் சுவரோரம் நிறுத்திச் சுட்டு, அங்கேயே குழியில் போட்டார்கள். ஆளுக்குப் பெயர் எழுதிய கல் கிடையாது, கம்யூனில் இறந்தவர்களுக்கு என்று ஒரு பலகை. எதிரே நாஜி முகாம்களில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னங்கள் வரிசையாக நிற்கின்றன.

நடக்கும் வழியில் சில பழைய கல்லறைகளில் சிறிய அறிவிப்புகளைப் பார்ப்பீர்கள். பிரெஞ்சு தெரியாவிட்டால் ஏதோ எச்சரிக்கை என்று நினைத்துத் தாண்டிப்போவோம். இந்த இடத்தைத் திரும்ப எடுக்கும் நடவடிக்கை தொடங்கியிருக்கிறது, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் தோட்ட அலுவலகத்துக்கு வாருங்கள் என்று அதில் எழுதியிருக்கும்.